அத்தையின் பெயர்

"கடலைத் தாண்டிப் போகிறோமே, பாஸ்போர்ட் வேண்டாமாடா?" என்று கேட்டாள் அத்தை.

அவள் மட்டுமா கேட்டாள்? எதிர்வீட்டு ரிடையர்டு தாசில்தார் கேட்டார், பால்காரர் கேட்டார். வாங்கித் தருவதாக ஒரு தரகர் முன்பணமே கேட்டுவிட்டார்!

சித்தப்பா அந்தமானில் படுத்த படுக்கையாக இருந்தார். இளம் வயதில் வேலை தேடிக் கப்பலேறியவர், அங்கேயே தங்கிவிட்டார். கூடப் பிறந்தவர்களில் மிஞ்சியவர்கள் அவரும் அத்தையும்தான்.

சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல் குறுக்கிட்டாலும் அந்தமான் நம் தேசம்தான். நம் பிரஜைகளுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. படம் ஒட்டிய அடையாள அட்டை ஒன்று போதும். ஆனால் எல்லாத் தீவுக்கும் இதே கதை அல்ல. நிக்கோபார் போன்ற பழங்குடிகளின் பகுதிகளுக்குள் போக, 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி அநுமதிச் சீட்டு வேண்டும். லட்சத்தீவுக்கும், 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி, வெளியூர்க்காரர்கள் அநுமதி பெற வேண்டும். சொந்த நாட்டில் எதற்கு இந்தக் கெடுபிடி என்று எனக்கும் ஒரு காலத்தில் கோபம் வந்ததுண்டு. அந்த வாசல் நம்மைத் தடுப்பதற்காக இல்லை, உள்ளே இருப்பவர்களைக் காப்பதற்காக என்று பின்னால்தான் புரிந்தது.

"நமக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை, அத்தை" என்று சொல்லி, விமானத்துக்கு நானே டிக்கெட் வாங்கினேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை!

விமான நிலைய வாசலில் காவலர் அத்தையின் வாக்காளர் அட்டையைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார்.

"பாட்டி, உங்கள் பெயர் என்ன?"

"செல்லம்மாள்."

"அட்டையில் தையல்நாயகி என்று இருக்கிறதே?"

நான் திகைத்துப் போனேன். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மாமியார் பெயரும் தையல்நாயகியாம். மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை எப்படி அதட்டுவது? ஆகவே புகுந்த வீட்டில் அவளுக்குச் செல்லம்மாள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது நான் பிறப்பதற்கு முன் நடந்தது. பிறந்த வீட்டுப் பெயர் பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் தங்கி, அங்கிருந்து அட்டைக்கு வந்திருக்கிறது. என் வயதுக்கு நான் அவளைப் பெயர் கேட்டதே இல்லை.

"படத்தில் இருப்பது நீங்கள்தான், பாட்டி. டிக்கெட்டில் இருப்பதுதான் நீங்கள் இல்லை" என்றார் காவலர், வருத்தத்துடனேயே. அவர் மேல் என்ன தப்பு? விமானம் எங்களை விட்டுவிட்டுப் பறந்தது.

அன்றிரவு அத்தை தூங்கவில்லை. "அந்தக் காலத்தில் கைதியாகப் போனவர்களிடம் எவன் அட்டை கேட்டான்?" என்றாள். கேட்கவில்லைதான். 1906-ல் கட்டி முடித்த அந்தச் செல்லுலார் சிறையில், கைதியின் கழுத்தில் பெயருக்குப் பதில் எண் எழுதிய மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஒரு நாள் தாமதத்தில் சித்தப்பாவுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் என்ற பயம் என் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் தையல்நாயகி என்ற பெயரில் புது டிக்கெட் வாங்கிப் போய்ச் சேர்ந்தோம். போர்ட் பிளேருக்கும் பெயர் மாறிவிட்டது. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். சித்தப்பா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார். யாரையும் அடையாளம் தெரிவதில்லை என்று வீட்டார் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார்கள்.

"தையலு, வந்துட்டியா?" என்றார்.

அத்தை புடைவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெயரால் அவளை அழைக்க உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார்.

அந்தமான் போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டுப் பெரியவர்களுக்கு டிக்கெட் வாங்குமுன் அவர்கள் அட்டையை வாங்கிப் பாருங்கள். அதில் இருக்கும் பெயரைச் சொல்லி யாராவது அவர்களைக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்றும் கேளுங்கள்.