ஈஸ்ட் இடாத பீர்

பீர் தயாரிப்பின் நவீன வரலாறு பெரும்பாலும் தூய்மையின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. அயல் நுண்ணுயிர்களே பீரைக் கெடுக்கின்றன என்று லூயி பாஸ்டர் 1876-இல் வெளியிட்ட நூலில் விளக்கியதும், கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டைப் பெருக்கியதும் அத்தொழிலின் போக்கை மாற்றின. சிறு ஆலைகளும்கூடத் தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டையே இடலாயின. அவ்வழியில் சேராமல் நிற்கும் சிலருள், பிரஸ்ஸல்ஸிலும் அதன் தென்மேற்குப் புறத்திலும் லாம்பிக் என்னும் புளிப்பு பீரைக் காய்ச்சுவோர் முக்கியமானவர்கள்.

தொடக்க வேலைகளில் பெரிய வேற்றுமை இல்லை. முளைக்கவிட்டு உலர்த்திய வாற்கோதுமையாகிய மால்ட்டை உடைத்து வெந்நீரில் ஊறவைக்கும்போது, முளைப்பில் உண்டான நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. வடித்தெடுத்த அந்த இனிப்புச் சாறே வோர்ட். லாம்பிக்கில் முளைக்காத கோதுமையும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சேர்வதால், ஈஸ்ட்டால் எளிதில் உண்ண இயலாத நீண்ட சர்க்கரைத் தொடர்கள் வோர்ட்டில் மிஞ்சுகின்றன; பின்னாளில் வரும் பொறுமையான உயிர்களுக்கு அவையே இரை. கசப்பையும் மணத்தையும் தரும் ஹாப்ஸ் பூக்களைப் பிறர் புதிதாகத் தேட, இவர்கள் சில ஆண்டுகள் கிடந்து கசப்பு மங்கியவற்றையே இடுகின்றனர். ஏனெனில் வேண்டாத பாக்டீரியாக்களைத் தடுக்கும் அவற்றின் ஆற்றலே இங்குத் தேவை, கசப்பு அன்று.

பல மணி நேரம் கொதித்த வோர்ட்டைப் பிற ஆலைகள் மூடிய கருவியில் விரைந்து குளிர்விக்கும். பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900 முதல் இயங்கும் கான்டியோன் ஆலையிலோ அது கூரையடியில் உள்ள அகன்ற, ஆழம் குறைந்த செப்புத் தொட்டியில் ஊற்றப்பட்டு, இரவு முழுவதும் திறந்தே கிடக்கிறது. ஆவி எழுந்து பரவ, வெளிக்காற்று உள்ளே வர, காற்றிலும் கட்டடத்திலும் வாழும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஆறும் வோர்ட்டில் சேருகின்றன. சிலந்திகள் பூச்சிகளைப் பிடிப்பதால் அவற்றின் வலைகளை அங்கு யாரும் கலைப்பதில்லை. சுகாதார ஆய்வாளர் முகம் சுளிக்கக்கூடிய ஏற்பாடுதான்.

மறுநாள் மரப்பீப்பாய்க்குச் செல்லும் வோர்ட்டில் நுண்ணுயிர்கள் முறைவைத்து ஆள்கின்றன. குடல் பாக்டீரியாக்களின் இனத்தைச் சேர்ந்தவை முதலில் பெருகி, சில வாரங்களில் மடிய, வழக்கமான ஈஸ்ட் சர்க்கரையின் பெரும்பகுதியை ஆல்கஹாலாக்கி ஓய்கிறது. கோடை வெப்பத்தில் பெடியோகாக்கஸ் என்னும் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சுரந்து புளிப்பேற்றுகிறது. அக்கட்டத்தில் பீர் சில வேளைகளில் எண்ணெய்போல் கொழகொழத்து இழைவிடும். அனுபவமற்றவர் கொட்டிவிடக்கூடிய அதைப் பிரெட்டனோமைசிஸ் என்னும் மெதுவான ஈஸ்ட், அந்தக் கொழகொழப்புப் பொருளையும் மிச்சச் சர்க்கரையையும் மாதக்கணக்கில் தின்று மீட்டெடுக்கிறது. பிற ஆலைகளில் பரம எதிரியாகக் கருதப்படும் உயிர் இது.

இம்முறையை இயற்கையின் போக்கில் விட்டுவிட்ட அலட்சியம் என்று கருதுவது தவறு. பழைய ஹாப்ஸ் முதல் பீப்பாய் வரை ஒவ்வொன்றும் யாருக்கு இடங்கொடுப்பது, யாரைத் தடுப்பது என்ற கணக்கில் அமைந்தது. ஈஸ்ட்டை அளந்து இடுவதைக் காட்டிலும் இது கடினமான கட்டுப்பாடு எனலாம். பீப்பாய்க்குப் பீப்பாய் சுவை வேறுபடுவதால், ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை முதிர்ந்தவற்றைச் சுவைத்துக் கலப்பவரின் நாக்கே இறுதித் தீர்ப்பு வழங்குகிறது. அக்கலவை புட்டியில் அடைபட்டதும், இளையதில் எஞ்சிய சர்க்கரை மீண்டும் நொதித்து நுரை தருகிறது. கூஸ் என்பது அதுவே.

இரவின் குளிர் மட்டும் எவர் கணக்குக்கும் அடங்குவதில்லை. வெப்பமான இரவில் வோர்ட் மெல்ல ஆறினால் கெடுக்கும் உயிர்கள் முந்திக்கொள்ளும் என்பதால், அக்டோபர் இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையே காய்ச்சும் வழக்கம் உள்ளது. 2015 நவம்பரில் குளிர் வராததால் கான்டியோன் ஆலை வேலையை நிறுத்த நேர்ந்தது. குளிர்பதனக் கருவி அந்த இடரைத் தீர்த்துவிடும். ஆனால் தொட்டியைத் திறந்து வைப்பதற்கு அப்போது காரணம் இராது.