வெளுத்துப்போன கடல் தோட்டம்

கட்டுநாயக்கவிலிருந்து மாலே நகருக்கு ஏறத்தாழ ஒன்றரை மணிநேர விமானப் பயணம். அங்கிருந்து படகேறி, மாலைதீவின் அரி பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள சிறு தீவொன்றை அடைந்தோம். அது 2016 மே மாதம். அங்கே தொழில் பார்க்கும் என் பழைய மாணவர், "மௌலவி, கடலுக்கடியில ஒரு பூந்தோட்டமே இருக்கு, வந்து பாருங்க" என்று பல வருடங்களாக அழைத்துக்கொண்டிருந்தார்.

அமுக்கிய காற்று நிரப்பிய சிலிண்டரை முதுகில் சுமந்து, பயிற்சியாளரின் கையைப் பற்றிக்கொண்டு இறங்கினேன். பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பைப் போல் இருமடங்கு. காது வலித்தது. அதைப் பொறுத்துக்கொண்டு தேடியும் வண்ணங்களைக் காணவில்லை. எங்கு பார்த்தாலும் சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்மை. செலவழித்த பணத்தை எண்ணி மனம் கசந்தது.

கரையேறியதும் மாணவர் விளக்கினார். முருகைக்கல்லைக் கட்டுவது ஒரு சிற்றுயிர். அதன் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசிதான் அதற்கு நிறத்தையும் பெரும்பகுதி உணவையும் தருகிறது. கடல் அளவுமீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும்.

"செத்துப் போகல்ல மௌலவி, பட்டினி கிடக்குது" என்றார். சூடு தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் மடியும். 1998இலும் இப்படித்தான் பெருமளவு அழிந்தது. 2016இல் மாலைதீவில் ஆய்வு செய்யப்பட்ட முருகைக்கற்களில் சுமார் 60 சதவீதம் வெளுத்திருந்தன.

அத்தீவுகளின் மணலே முருகைக்கல்லின் துகள்தான். பேரலையை மறிக்கும் அரணும் அதுவே.

அன்று மாலை அந்த மணலில் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பணம் வீணாயிற்றே என்று முறையிட எனக்கு வாய் வரவில்லை.