அடுக்களை வழியே ஒரு விமானப் பயணம்

அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ், ஃபோர்ட் வொர்த் என்னும் இரு பெருநகரங்கள் அருகருகே அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடையே, நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைக் காட்டிலும் பெரிய நிலப்பரப்பில், 1974 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விமான நிலையம் பரந்து கிடக்கிறது. மலை என்று சொல்ல ஒன்றுமில்லை. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை சமவெளி. அதன்மீது அகன்ற சாலைகள். கோடை வெயிலோ நம் இராமநாதபுரத்து வெயிலுக்குச் சற்றும் இளைத்ததன்று. அங்கே ஒரு பங்கில், விடுப்பில் சென்ற குருவானவருக்குப் பதிலாக இரண்டு மாத காலம் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

சென்ற மூன்றாம் வாரத்தில் ஒரு செய்தி வந்தது. நம்முடன் குருமடத்தில் ஒரே வகுப்பில் பயின்ற தோழர் ஒருவர், கலிபோர்னியா மாநிலத்துச் சாக்ரமெண்டோ நகரில் இதய நோயுற்று அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கிறார் என்பதே அச்செய்தி. ஒரே நாடு என்றுதான் பெயர். இடையே 1,400 மைலுக்கும் மேற்பட்ட தொலைவு. உடனே புறப்படுவதாயின் போக வர 430 டாலர் ஆகும் என்று கணிப்பொறி காட்டியது. நம் பையிலிருந்த தொகையை எண்ணிப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டோம்.

அன்று இரவு, அப்பங்கில் வாழும் தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் நமக்கு விருந்து. குடும்பத் தலைவர் கணிப்பொறித் துறையில் பணிபுரிபவர், மனைவி செவிலியர், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் வயதான தாயார். பேச்சுவாக்கில் தோழரின் நிலையைக் கூறினோம். தம்பி உடனே கைப்பேசியை எடுத்துத் தட்டினார். “சாமி, டிக்கெட்டை நாங்க பார்த்துக்கிறோம். எங்ககிட்ட மைல் கிடக்கு” என்றார். சில நிமிடங்களில் நம் பெயருக்குப் பயணச்சீட்டு வந்துவிட்டது. போவதற்கு 17,000 மைல், வருவதற்கு 14,500 மைல். ஆக 31,500 மைல் அவர் கணக்கில் குறைந்தது. ரொக்கமாகச் செலுத்தியது, அரசு விதிக்கும் பாதுகாப்புக் கட்டணம் வழிக்கு 5 டாலர் 60 சென்ட் மட்டுமே. பதினொரு டாலர் இருபது சென்டில் ஒரு கண்டத்தின் பெரும்பகுதியைக் கடந்து மீளலாம் என்றால் யாருக்குத்தான் வியப்புத் தோன்றாது?

“இத்தனை மைல் எங்கே பறந்து சேர்த்தீர்கள்?” என்று வினவினோம். கணவன் மனைவி இருவரும் சிரித்துவிட்டனர். “பறக்கவே இல்ல சாமி. எல்லாம் பாலும் முட்டையும் வாங்குனதுதான்” என்றார் அம்மணி.

விவரம் இதுதான். விமான நிறுவனமும் வங்கியும் கூட்டுச் சேர்ந்து ஒரு கடன் அட்டை வழங்குகின்றன. அதைக் கொண்டு ஒரு டாலர் செலவழித்தால் ஒரு மைல் கணக்கில் ஏறும். சில வகைச் செலவுக்கு இரண்டும் ஏறும். மளிகை, பெட்ரோல், மருந்து, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், தொலைபேசி என்று இக்குடும்பத்தின் ஒவ்வொரு செலவும் அந்த அட்டை வழியே செல்கிறது. மாத இறுதியில் பாக்கியின்றி முழுத் தொகையையும் கட்டிவிடுகிறார்கள். இதனைக் கேட்ட பின்னர் நாம் மனக்கணக்குப் போட்டோம். நம் பயணச்சீட்டுக்காக அக்குடும்பம் ஏறத்தாழ 31,500 டாலர் செலவழித்திருக்க வேண்டும்!

மறுநாள் அவர்களோடு பேரங்காடிக்குச் சென்றோம். தாயார் தமக்கு வேண்டிய சில பொருள்களைத் தனியே எடுத்து, மகன் கொடுத்து வைத்திருந்த நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். மகன் அடுத்த வரிசையில் அட்டையைத் தட்டினார். இருவர் வாங்கிய பாலுக்கும் ஒரே விலை. வெளியே வந்ததும் தாயார், “ஏன்டா, உனக்கு மைல் குடுக்கான், எனக்கு ஒண்ணும் குடுக்கலியே. அந்தக் காசு எங்க போவுது?” என்று கேட்டார். மகன் சிரித்து மழுப்பினார். நமக்கோ அக்கேள்வி மனத்தில் தங்கிவிட்டது.

புறப்படுவதற்கு முந்திய நாள், விமான நிலையத்துக்குத் தெற்கே உள்ள சி. ஆர். ஸ்மித் அருங்காட்சியகத்தைக் காணச் சென்றோம். 1934 முதல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தை நடத்தியவரின் பெயரால் அமைந்தது அது. கண்ணாடி மண்டபத்தினுள் பழைய டிசி-3 விமானம் ஒன்று வெள்ளி மீன் போல மின்னி நிற்கிறது. இருபத்தொரு பேர் அமரும் சிறு வானூர்தி. அக்காலத்தில் செல்வரும் அலுவலருமே பறந்தனர். கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசே வகுத்தது. 1978 இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அக்கட்டுப்பாட்டை அகற்றியது. எல்லா நிறுவனங்களும் விலையைக் குறைத்துப் போட்டியிட்டன. வாடிக்கையாளர் மலிவைத் தேடி ஓடலாயினர். அவர்களைத் தடுத்து நிறுத்த அமெரிக்கன் நிறுவனத்தார் 1981 மே முதல் நாள் மைல் கணக்குத் திட்டத்தைத் தொடங்கினர். முன்பதிவுக் கணிப்பொறியில் எந்தத் தொலைபேசி எண் திரும்பத் திரும்ப வருகிறது என்று தேடி, அவர்களையே முதல் உறுப்பினராக்கினராம். சில நாள்களில் யுனைடெட் நிறுவனமும் அவ்வழியைப் பின்பற்றியது.

கருத்து புதிதன்று. 1896 முதலே அந்நாட்டில் பச்சை வில்லைகள் வழக்கில் இருந்தன. பத்து சென்டுக்குப் பொருள் வாங்கினால் ஒரு வில்லை. இல்லத்தரசிகள் அவற்றை நாவால் நனைத்து ஏட்டில் ஒட்டுவர். 1,200 வில்லை நிறைந்த ஏடுகளைக் கொடுத்து விளக்கோ சமையற் கலமோ பெறுவர். விமானத் திட்டம் அந்தப் பச்சை வில்லையின் பேரப்பிள்ளை எனலாம். 1987 இல் சிட்டி வங்கியுடன் சேர்ந்து அட்டை வெளியிட்டபோது, பேரப்பிள்ளை மீண்டும் பாட்டியின் அடுக்களைக்கே வந்து சேர்ந்தான். அன்று முதல் மைல் ஈட்டப் பறக்க வேண்டியதில்லை.

இனித் தாயாரின் கேள்விக்கு வருவோம். அட்டையைத் தட்டும்போது கடைக்காரருக்கு முழுத் தொகை போய்ச் சேர்வதில்லை. நூற்றுக்கு இரண்டு டாலர் அளவில், சில அட்டைக்கு அதற்கும் மேலாக, வங்கிகள் பிடித்துக்கொள்கின்றன. அதில் ஒரு பகுதியைக் கொண்டு வங்கி, விமான நிறுவனத்திடம் மைல்களை விலைக்கு வாங்குகிறது. வாங்கியதை வாடிக்கையாளருக்குப் பரிசென வழங்குகிறது. கடைக்காரர் என்ன செய்வார்? பிடித்தம் போனதைப் பொருளின் விலையில் ஏற்றுவார். ஆனால் பெரும்பாலும் அட்டைக்காரருக்கு மட்டும் விலையை ஏற்றாமல் எல்லாருக்கும் ஏற்றுவார். நூற்றுக்கு இரண்டு என்று கொண்டால், 31,500 டாலருக்குக் கடைகள் இழந்தது 630 டாலர். நமக்குக் கிடைத்த சீட்டின் விலை 430. இடையில் நின்றவர்கள் எவரும் வெறுங்கையுடன் போகவில்லை என்பது தெளிவன்றோ?

பாஸ்டன் நகரத்து மத்திய சேம வங்கியின் பொருளியலாளர் மூவர் 2010 இல் இதனை ஆராய்ந்து கணக்கிட்டுள்ளனர். ரொக்கம் கொடுக்கும் குடும்பம் ஒன்று, ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரைத் தானறியாமலே அட்டைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. அட்டைக் குடும்பம் ஒன்று 1,133 டாலர் பெறுகிறது. ரொக்கம் கொடுப்போர் யாவர்? பெரும்பாலும் வங்கி அட்டை தர மறுக்கும் எளியவர்கள். தோட்டம் வெட்டுவோரும், கூரை வேய்வோரும், பாத்திரம் கழுவுவோரும் நாம் ஞாயிறுதோறும் அப்பங்கில் கண்ட முகங்களே.

இந்த மைல் வணிகம் எவ்வளவு பெரிதெனில், பெருந்தொற்றால் விமானங்கள் முடங்கியபின், 2021 இல் அமெரிக்கன் நிறுவனம் தன் மைல் திட்டத்தையே ஈடுவைத்து 1,000 கோடி டாலர் கடன் திரட்டியது. நாம் பாலுக்குத் தட்டும் அட்டை, விமானத்தைவிடப் பெரிய சொத்தாகிவிட்டது போலும்!

சாக்ரமெண்டோவில் விமானம் தாழ இறங்கியபோது நாம் கண்ட காட்சியை எழுதாமல் விட மனமில்லை. நிலையத்தைச் சுற்றிலும் நெல்வயல்! பாத்தி பாத்தியாக நீர் நின்று, வானம் அதில் தெரிந்தது. வயலில் மனிதரைக் காணோம். நாற்று நடுவதில்லை, விமானத்திலிருந்தே விதை தூவுவர். எனினும் அந்தப் பசுமை நிறம் தஞ்சைத் தரணியின் நிறமேதான்.

தோழர் மெலிந்திருந்தார், குரலில் மட்டும் பழைய குறும்பு குறையவில்லை. நாம் எப்படி வந்தோம் என்று கேட்டறிந்தவர், “நீர் பால் வாங்கி வந்தீர், இங்கே பக்கத்தில் டேவிஸ் நகரில் ஒருவர் புட்டிங் வாங்கி உலகத்தையே சுற்றினார்” என்றார். நடந்த கதைதான், செய்தித்தாள்களிலும் வெளிவந்தது. 1999 இல் உணவு நிறுவனம் ஒன்று, பத்து உறைக் குறியீடுகளை அனுப்பினால் 500 மைல், மே மாதத்துக்குள் அனுப்பினால் இரு மடங்கு என்று அறிவித்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த பொறியாளர் ஒருவர், அந்நிறுவனத்தின் புட்டிங் கிண்ணம் ஒன்று 25 சென்டுக்கு விற்பதைக் கண்டார். 12,150 கிண்ணங்களை வாங்கிக் குவித்தார். உறைகளைக் கிழிக்க நாள் போதாது. எனவே இரட்சணிய சேனை நடத்தும் உணவு நிலையங்களிடம், “குறியீட்டைக் கிழித்துக் கொடுங்கள், புட்டிங்கை ஏழைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். 3,140 டாலர் செலவில் 12 லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மைல்களைப் பெற்றார். நன்கொடைக்கு வரிச்சலுகையும் கிடைத்தது! இக்கதையை நாம் மனமார இரசித்தோம். ஏழைக்கு இனிப்பேனும் கிடைத்ததே.

வேறு சிலரின் சாதுரியம் அவ்வளவு இனிமையானதன்று. அரசின் நாணயச் சாலை 2008 முதல் ஒரு டாலர் நாணயங்களை முகவிலைக்கே, அனுப்பும் செலவின்றி விற்றது. மைல் பித்தர்கள் அவற்றை அட்டையில் பல்லாயிரக் கணக்கில் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே வங்கியில் கட்டிக் கடனை அடைத்தனர். நாணயம் மக்களிடம் புழங்கவேயில்லை. மைல் மட்டும் பெருகிற்று. 2011 இல் அட்டைக்கு விற்பதை நாணயச் சாலை நிறுத்திவிட்டது.

ஈட்டிய மைல் நம் சொத்து என்று எண்ணுவதும் தவறு. மினசோட்டா மாநிலத்து யூத குரு ஒருவர், நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் உயர்நிலை உறுப்பினர். அவர் அளவுக்கு மீறிக் குறை கூறுகிறார் என்று 2008 இல் நிறுவனம் அவரை நீக்கிவிட்டது. அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2014 இல் நீதிபதிகள் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். சீட்டுக்கு எத்தனை மைல் என்பதையும் நிறுவனங்கள் தாம் நினைத்தபடி உயர்த்துகின்றன. ஆகவே சேர்த்து வைத்து முதுமையில் பறக்கலாம் என்பது தானியத்தை எலி வளையில் சேமிப்பதற்கு ஒப்பாகும். நம் ஊர் வங்கிகளும் இன்று இத்தகைய அட்டைகளை வழங்குவதால் வாசகர்க்கு ஒன்று கூறுவோம்: மாதக் கணக்கை முழுதும் கட்ட இயலாதவர் இதன் பக்கம் போகவே வேண்டாம். ஒரு மைலின் மதிப்பு ஏறத்தாழ ஒரு சென்ட். பாக்கி வைத்தால் அந்நாட்டில் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு இருபதைத் தாண்டுகிறது. பலர் கட்டும் அந்த வட்டியும் சேர்ந்தே சிலரைப் பறக்க வைக்கிறது.

மூன்று நாள் தோழருடன் தங்கினோம். குருமடத்துக் கிணற்றடி, வெந்நீருக்குச் சண்டை, இலத்தீன் வகுப்பில் உறங்கியது என்று எல்லாம் பேசினோம். யார் பணத்தில் வந்தோமோ அறியோம்; வந்தது தவறென்று மட்டும் எண்ணத் தோன்றவில்லை. விடைபெறும்போது அவர் நம் சட்டைப் பையில் இருபது டாலர் நோட்டு ஒன்றைத் திணித்தார். “வழியில் காப்பி குடியும்” என்றார். விமான நிலையத்தில் காப்பி விலையைப் பார்த்து, குடிக்காமலே வந்துவிட்டோம்.

தம்பி நம்மை அழைத்துச் செல்லக் காருடன் வந்திருந்தார். வழியில் பெட்ரோல் நிலையம் ஒன்றில் நிறுத்தினார். அங்கிருந்த பலகையில் இரண்டு விலை எழுதியிருந்தது. ரொக்கமாயின் ஒன்று, அட்டையாயின் கேலனுக்கு 10 சென்ட் கூடுதல். இப்படி எழுதி வைக்கும் நிலையங்கள் அங்கு ஆங்காங்கே உண்டு. பக்கத்துக் குழாயில் பழைய வண்டியை நிறுத்திய ஒருவர், உடையெல்லாம் தார் படிந்தவர், கசங்கிய நோட்டுகளுடன் உள்ளே சென்று கொண்டிருந்தார். நாம் பலகையைச் சுட்டிக் காட்டி, தாயாரின் கேள்வியையும் நம் கணக்கையும் சொன்னோம். தம்பி சற்று நேரம் பலகையையே பார்த்தார். அட்டை கையிலேயே இருந்தது.

“சாமி, ரொக்கம் ஏதும் வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

காப்பிக்கென்று தோழர் தந்த நோட்டை எடுத்துக் கொடுத்தோம். அதை வாங்கிக்கொண்டு, தார் படிந்த மனிதருக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றார்.