மா மூட்டை நூல்

கிளிவெட்டி முகாமில் நிவாரண மா வரும் நாட்களில் பலர் மூட்டையின் வாயைக் கத்தியால் வெட்டித் திறப்பார்கள். எனக்கு அது பொறுக்காது. அந்த வாய்த் தையலும் ஒரு சங்கிலிப் பின்னல்தான். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுவதும் கழன்று கையில் வந்துவிடும். மற்றப் பக்கத்து நுனியை இழுத்தால் இறுகிக்கொள்ளும். எங்கள் வரிசைக் கொட்டில்களுக்கெல்லாம் மூட்டை அவிழ்த்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. கூலியாக நூலை எடுத்துக்கொண்டேன். ஒரு மூட்டைக்கு நாலைந்து முழம் கிடைக்கும். துறைமுகத்துச் சீனன்குடாவில் 1980 முதல் பெரிய மா ஆலை ஓடுகிறது. கோதுமைக் கப்பலைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். ஆனால் மாச் சாக்கின் நூலுக்கு இப்படி ஏங்குவேன் என்று நினைத்ததில்லை.

நாங்கள் சம்பூரை விட்டு வெளிக்கிட்டது 2006 ஏப்ரலில். வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, 2007இல் கிளிவெட்டிக்கு வந்து சேர்ந்தோம். இடையில் என் கணவரைத் தவறவிட்டேன். இன்றுவரை அவரைப் பற்றிய தகவல் இல்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்தவை பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் இரண்டு சீலையும் மட்டுந்தான். குரோசே ஊசிகள் பெட்டியோடு போய்விட்டன.

அந்த வேலையை எனக்குப் பழக்கியவர் பெரியம்மா. அவர் திருகோணமலையில் சிஸ்டர்மாரிடம் தையல் பழகினவர். அவருடைய வீட்டில் றேடியோவுக்கு ஓர் உறை, சாய்மனைக் கதிரையின் தலைப்பக்கத்துக்கு ஒரு விரிப்பு, தலையணை உறையின் ஓரமெல்லாம் ரேந்தை. ரேந்தை என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. தெற்கே காலிப் பக்கத்துச் சிங்களப் பெண்கள் மரக் கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் 'பீரளு' வேலையும் ரேந்தைதான். அவர்களுடைய கரையையும் எங்களுடைய கரையையும் 2004 டிசம்பர் 26இல் ஒரே கடல்தான் அடித்தது.

முகாமில் ஊசிக்கு எங்கே போவது? வலை பொத்தும் பெரியப்பா ஒருவர் சைக்கிள் சில்லுக் கம்பியொன்றை வெட்டி, நுனியில் அரத்தால் வெட்டு வைத்து, கல்லில் தேய்த்து மினுக்கித் தந்தார். நான் பின்னுவதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்:

"வலையெண்டால் ஒவ்வொரு கண்ணுக்கும் முடிச்சு இருக்கு பிள்ள. ஒரு கண் அறுந்தாலும் மற்றது நிக்கும். உன்ர வேலை நுனியைப் பிடிச்சு இழுத்தால் எல்லாம் போயிடுமே."

"அதுதான் பெரியப்பா எனக்குப் பிடிச்சது. பிழைச்சால் அவிட்டுப்போட்டுத் திரும்பப் பின்னலாம். நூல் வீணாகாது."

எல்லாரும் அவரைப் போல இருக்கவில்லை. "புருசனைத் தேடித் திரியிறவளுக்குப் பூப் பின்னல் கேக்குதோ?" என்று தண்ணீர்த் தாங்கியடியில் ஒரு மாமி எனக்குக் கேட்கத்தக்கதாகவே சொன்னா. அன்றிரவு ஊசியைக் கூரை ஓலைக்குள் செருகி வைத்துவிட்டேன். மூன்று நாளுக்கு மேல் முடியவில்லை. எட்டுச் சங்கிலி, ஒரு வளையம், வளையத்துக்குள் பதினாறு கம்பம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது மனம் வேறெங்கும் போகாது. போனால் எண்ணிக்கை பிழைத்துவிடும். இதை மருந்து என்று சொல்ல வரவில்லை. படுத்தால் பழையபடிதான். ஆனாலும் அந்த ஒரு மணித்தியாலம் என்னுடையதாக இருந்தது. பின்னாளில் விசாரணைகளுக்கென்று கூப்பிட்டு விடியற்காலையிலிருந்து மாலை வரை வாங்கில் இருத்தி வைத்த நாட்களிலும் ஊசி என் பையில் இருந்தது.

ஒரு கட்டத்தில் என் கையே எனக்கு வெறுத்துப்போனது. ஓர் அமைப்பு வந்து, "உங்களிடம் திறமை இருக்கிறது, இதை வாழ்வாதாரமாக்குவோம்" என்று நாற்பது மேசை விரிப்புகளுக்கு ஓடர் தந்தது. ஒன்றுக்கு இரண்டு நாள் பிடித்தது. கையில் கிடைத்ததோ அறுபது ரூபா. அளவு கால் அங்குலம் பிசகியதென்று ஏழைத் திருப்பித் தந்தார்கள். அதன் பிறகு ஒரு வருடம் ஊசியைத் தொடவில்லை.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில்தான் ஆந்திராவின் நரசாப்பூரைப் பற்றி அறிந்தேன். கோதாவரி ஆற்றங்கரைப் பகுதியில் வெள்ளைக்கார மிஷனரிகள் 19ஆம் நூற்றாண்டில் தொடக்கி வைத்த குரோசே வேலை அங்கே பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் பெண் ஆய்வாளர் அவர்களைப் பற்றி 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டு வேலைக்கு மேலே அந்தப் பெண்கள் நாளுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் பின்னினார்கள். வியாபாரிகள் அதை 'வீட்டுப் பெண்களின் ஓய்வுநேர வேலை' என்று சொல்லிச் சொற்பக் காசு கொடுத்தார்கள். கேட்டபோது எனக்குச் சுள்ளென்றது. அறுபது ரூபாவின் கணக்கு அங்கேதான் விளங்கியது.

அயர்லாந்திலும் இது பஞ்சகாலத்து வேலைதான். 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, ஏறத்தாழ பத்து லட்சம் சனம் மாண்டபோது, கன்னியர் மடங்கள் பெண்களுக்குக் குரோசே பழக்கின. குளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவி கசண்ட்ரா ஹேண்ட் 1847இல் தொடங்கிய வேலை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆகவே பின்னி விற்பது கூடாதென்று நான் சொல்லமாட்டேன். விற்பதானால் மணித்தியாலத்தை எண்ணி, நூலை நிறுத்து, வாய் கூசாமல் விலை கேட்க வேண்டும். 'சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிறீர்கள்தானே' என்பவருக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்க வேண்டாம்.

எனக்கென்று பின்னுவது வேறு. அதற்கு ஏன் காரணம் சொல்ல வேண்டும்? ஆண்கள் பின்னேரத்தில் கடதாசி விளையாடுகிறார்கள். அதனால் என்ன வருமானம் என்று யாரும் திட்ட அறிக்கை கேட்பதில்லை. எங்களுக்குத் தருவதென்றால் மட்டும் கோழியோ தையல் மெசினோ, எதுவானாலும் காசாக வேண்டும்.

2016இல் வளவு திரும்பக் கிடைத்தது. வீடு இருந்த இடத்தில் பற்றை. கிணற்றை இறைத்து, தகரக் கொட்டில் போட்டு, பிறகு கல்வீடு வந்தது. முதலில் பின்னியது தண்ணீர்ப் பானைக்கு மூடுதுணி, அதே மா மூட்டை நூலில். கழுவிக் கழுவிப் பழுப்பேறி இப்போதும் கிடக்கிறது. ரவுணுக்குப் போகும்போது நல்ல நூல் ஒரு பந்து வாங்குவேன். விலையை மகளுக்குக் குறைத்துத்தான் சொல்வேன். பின்னேரத்தில் பக்கத்து வளவு மச்சாளும் வந்து திண்ணையில் இருப்பா. தண்ணீர்த் தாங்கியடியில் அன்று பேசிய மாமியின் மகள்தான் அவ. சங்கிலி மட்டும் நன்றாக வருகிறது, வளையத்தில் திரும்பும்போது இறுக்கிவிடுகிறா. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். நூலைச் சுட்டுவிரலில் சுற்றி, கை தளர்த்திப் பிடிக்க வேண்டும்.

இப்போது கையில் இருப்பது யன்னல் சீலைக்கு அன்னாசி மாதிரி. கச்சான் காற்றுக்கு அது ஆடுவதைப் பார்க்க ஆசை. பன்னிரண்டாம் வரியில் ஒரு கண் குறைகிறது, எங்கே விட்டேனோ தெரியாது. வெளிச்சம் போக முதல் அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.