டாக்டர் ஊப்லவிட்சியின் தலைப்பெழுத்து

ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலில் வினைச்சொல்லே கிடையாது. ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம் என்று துண்டுகள் வரிசையாக நிற்கும். இதில் எது ஆசிரியர், எது தலைப்பு என்று சொல்ல வேண்டிய பொறுப்பு முழுவதும் புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் உரியது. சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928-இல் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய சிறு கட்டுரையை மருத்துவ இதழ்கள் கேட்கும் வான்கூவர் முறையில் குறித்தால், கடைசித் துண்டு 1928;121:501-2 என்று வரும். அரைப்புள்ளிக்கு முன்னால் ஆண்டு, பின்னால் தொகுதி, முக்காற்புள்ளிக்கு அப்பால் பக்கம். நடுவில் இடைவெளி கூடாது. 502 என்று முழுதாக எழுதாமல் வெறும் 2 என்று நிறுத்துவதும் விதிப்படிதான்.

இந்தக் கறாருக்கு ஊர்ப்பெயர் வந்த கதை எளியது. 1978 ஜனவரியில் பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி, எல்லா இதழ்களும் ஒரே வடிவத்தில் கட்டுரைகளை ஏற்க ஒரு வழி செய்யலாம் என்று பேசினார்கள். உரையில் முதலில் வரும் மேற்கோளுக்கு 1, அடுத்ததற்கு 2 என்று எண் கொடுப்பது இதன் முறை. அச்சில் இடம் மிச்சம். ஆனால் மூன்றாம் பத்தியில் புதிதாக ஒன்றைச் செருகினால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் ஒரு படி நகரும். தட்டச்சுக் காலத்தில் இதைச் செய்து முடித்தவர்களின் பொறுமை தனி ரகம்.

மற்றொரு பெரிய மரபு, உரைக்குள்ளேயே ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் வைக்கும் ஹார்வர்டு முறை. அதை முதலில் கையாண்டவராகக் கருதப்படுபவர் ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க். 1881-இல் அவர் வெளியிட்ட அந்தக் கட்டுரையின் பொருள், ஓடில்லா நத்தை ஒன்றின் முட்டை வளர்ச்சி. இன்று சமூகவியலிலும் பொருளியலிலும் புழங்கும் வழக்கம் ஒரு நத்தையின் முதுகில் ஏறி வந்திருக்கிறது.

எந்த முறையானாலும் சிக்கல் தொடங்குவது பெயரில். குடும்பப் பெயரை முன்னால் வை, மற்றதைச் சுருக்கிப் பின்னால் போடு என்பது பொது விதி. தமிழ்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் ஏது? வெங்கடராமன் என்ற ஒரே பெயர் இரண்டாக உடைந்து, தந்தை சந்திரசேகரின் 'சி'யும் 'வெங்கட'வின் 'வி'யும் தலைப்பெழுத்துகளாகி, மிஞ்சிய பாதி பட்டியலில் 'ராமன் சிவி' என்று நிற்கிறது. சொந்தப் பெயர் கடைசியில் வந்ததால் இது தற்செயலாகச் சரிப்பட்டது. தலைப்பெழுத்தை விரித்து, தந்தை பெயரைக் கடைசியில் எழுதிக் கட்டுரை அனுப்பும் ஆய்வாளரின் மேற்கோள்கள் எல்லாம் தந்தையின் கணக்கில் ஏறும்.

தலைப்பெழுத்து செய்த உச்சகட்டக் குழப்பம் நடந்தது ஐரோப்பாவில். பிராக் நகரின் மருத்துவர் ஹ்லவா 1887-இல் செக் மொழி மருத்துவ இதழ் ஒன்றில் சீதபேதி பற்றி எழுதினார். தலைப்பு 'ஓ ஊப்லவிட்சி'. செக் மொழியில் 'ஓ' என்றால் 'பற்றி'; அடுத்த சொல் சீதபேதியைக் குறிப்பது. ஜெர்மன் இதழில் அதற்குச் சுருக்கம் எழுதிய கார்டுலிஸ், ஆசிரியர் பெயர் வர வேண்டிய இடத்தில் தலைப்பை வைத்துவிட்டார். ஓர் எழுத்து, பிறகு ஒரு நீண்ட சொல். நடுவில் ஒரு புள்ளி வைத்தால் போதும், ஆள் தயார். தமிழ்க் கண்ணுக்கு அது யாரோ ஒரு பள்ளி வாத்தியாரின் பெயர்ப்பலகை போலவே படும். அடுத்தடுத்து வந்தவர்கள் மூலக் கட்டுரையைத் தேடாமல் சுருக்கத்திலிருந்தே எடுத்தெழுதினார்கள். ஊப்லவிட்சி ஒட்டுண்ணியியல் பட்டியல்களில் குடியேறினார். போகப்போக டாக்டர் பட்டமும் சேர்ந்துகொண்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1938-இல், பிரிட்டிஷ் ஒட்டுண்ணியியலாளர் கிளிஃபர்டு டோபெல் குட்டை உடைத்தார். 'பாராசிட்டாலஜி' இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே டாக்டர் ஊப்லவிட்சியின் பெயரும், கல்லறையில் பொறிப்பதுபோல 1887-1938 என்ற ஆண்டுகளும்தான். பிறந்த வருடமே கட்டுரை வெளியிட்ட மேதை. உண்மையில் எழுதிய ஹ்லவா அதற்கு 14 ஆண்டுகள் முன்பே காலமாகியிருந்தார்.

தேர்வில் இரண்டு பேர் ஒரே தப்பைச் செய்திருந்தால் வாத்தியாருக்கு விஷயம் புரிந்துவிடும். ஆய்வாளர்கள் மிகைல் சிம்கினும் வ்வானி ராய்சவுத்ரியும் 2003-இல் மேற்கோள் பட்டியல்களில் கையாண்டது இதே வழியைத்தான். சுமார் 4,300 முறை சுட்டப்பட்ட ஓர் இயற்பியல் கட்டுரையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 196 இடங்களில் தொகுதி, பக்கம், ஆண்டு ஏதோ ஒன்று பிழை. ஆனால் வெவ்வேறு பிழைகள் 45 மட்டுமே. ஒரே தவறான பக்க எண் 78 பட்டியல்களில் அப்படியே இருந்தது. 78 பேர் தனித்தனியாகத் தட்டச்சில் ஒரே மாதிரி தடுமாற வாய்ப்பில்லை.

வடிவத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு மாதிரியே வினையாகும். ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்சேவியர் தன் வழிகாட்டியில், மேற்கோளை எப்படி எழுதுவது என்று காட்டுவதற்காக வான் டெர் கீர் முதலிய மூவர் 2000-இல் எழுதியதாக ஒரு கட்டுரையைக் கற்பித்துப் போட்டிருந்தது. அறிவியல் கட்டுரை எழுதும் கலை என்பது அதன் தலைப்பு. அப்படி ஒரு கட்டுரையும் இல்லை, அது வந்ததாகக் குறித்த இதழும் இல்லை. கிட்டத்தட்ட 400 கட்டுரைகள் அதைச் சுட்டியிருந்ததை லைடன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் க்ரோனென்பெர்க் துப்புத் துலக்க, ஆன்-வில் ஹார்சிங் என்ற ஆய்வாளர் அதை 2017-இல் எழுதினார். பெரும்பாலானவை மாநாட்டுத் தொகுப்புகளில் வந்தவை. மாதிரிப் படிவத்தை நிரப்பியவர்கள் அதிலிருந்த எடுத்துக்காட்டை அழிக்க மறந்திருக்கிறார்கள்.

இப்போது ஜோட்டரோ, எண்ட்நோட் போன்ற மென்பொருள்கள் கமாவைக் கவனித்துக்கொள்கின்றன. இதழ்களுக்கு ஏற்பப் பாணி மாற்ற ஜோட்டரோவின் களஞ்சியத்தில் 10,000-க்கும் மேற்பட்ட கோப்புகள் உண்டு. ஒரே சொடுக்கில் வான்கூவர் ஹார்வர்டாக மாறிவிடும். உள்ளே ஊப்லவிட்சி இருந்தால் அவரும் அழகாக உருமாறி வருவார். பெயருக்குரிய கட்டத்தில் தலைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது மென்பொருளின் வேலையில்லை. கட்டுரைக்கென இணையத்தில் தரப்படும், 10 என்று தொடங்கும் டிஓஐ முகவரி இதற்குக் கொஞ்சம் மருந்து. அதைச் சொடுக்கினால் மூலக் கட்டுரையே கண்ணெதிரே நிற்கும். அமெரிக்க உளவியல் கழகத்தின் பாணி அதற்கென ஒரு விலக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் புள்ளி கேட்கும் அந்தப் பாணி, டிஓஐ-க்குப் பின்னால் மட்டும் புள்ளி வைக்கக் கூடாது என்கிறது. வைத்தால் அது முகவரியோடு ஒட்டிக்கொண்டு இணைப்பைக் கெடுத்துவிடும்.