மாலைதீவுக் கடலும் செங்கடலும்

கடலைக் கரையில் நின்று காண்போர் பலர். கடலுக்குள்ளே புகுந்து காண்போர் சிலர். அச்சிலருள் ஒருவனாகும் வாய்ப்பு எனக்கு இருமுறை கிடைத்தது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மாலைதீவுக் கடலிலும், 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் எகிப்தை அடுத்த செங்கடலிலும் ஒவ்வொரு வாரம் படகிலேயே தங்கிச் சுழியோடினேன். திரும்பி வந்த நாள்முதல் மாணவர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "சேர், இரண்டிலும் எது சிறந்தது?" நான் விடைகூறத் தொடங்குமுன் பாடம் முடியும் மணி அடித்துவிடும். ஆதலால் அவ்விடையை இங்கே ஆறுதலாக எழுதுகின்றேன்.

இத்தகைய பயணம் எத்தன்மையது என்பதை முதலிற் சொல்லவேண்டும். பயணிகள் பதினைந்து இருபது பேர் ஒரு படகில் ஏறுவர். உணவும் உறக்கமும் அங்கேயே. படகு இரவிலோ பகலிலோ ஒரு பாரிலிருந்து மற்றொரு பாருக்குச் செல்லும். நாளொன்றுக்கு மூன்று முறை, சில நாட்களில் நான்கு முறை, முதுகிற் காற்றுக்குடுவையைச் சுமந்துகொண்டு நீருள் இறங்குவோம். 1943ஆம் ஆண்டிற் பிரான்சு தேசத்தவரான கூஸ்தோ, கான்யன் என்னும் இருவர் செம்மைப்படுத்திய சுவாசக் கருவியே இன்று நாம் பயன்படுத்தும் கருவிக்கு முன்னோடி.

நீருள் 10 மீற்றர் இறங்கும்தோறும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. 30 மீற்றர் ஆழத்தில் நான்கு மடங்கு அமுக்கம். அங்கே விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பிற் செலவாவதைப் போல நான்கு மடங்கு காற்றுச் செலவாகும். சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் உடலிற் கரைந்து நிற்கும். விரைந்து மேலே வந்தால் அது குமிழிகளாகித் தீங்கு செய்யும். ஆகவே மெல்ல ஏறி, 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்தே மேலே வரவேண்டும். இந்தக் கணக்கை மாணவர் மனத்திற் கொள்க, பின்னர் உதவும்.

மாலைதீவில் நான் மூன்றாண்டுகள் ஆசிரியனாக இருந்தேன். கொழும்பிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேர விமானப் பயணம். ஏறத்தாழ 1,190 சிறு தீவுகள் 26 வளையங்களாக அமைந்த நாடு அது. "அற்றோல்" என்று புவியியல் நூல்களில் வழங்கும் சொல் அந்நாட்டுத் திவேகி மொழியிலிருந்து உலகுக்குச் சென்றது. அங்கே படகை "தோனி" என்பர்; நம் தோணியை அறிந்தவனுக்கு அச்சொல் அந்நியமாகத் தோன்றாது. நாங்கள் தங்கிய பெரிய படகின் பின்னே குடுவைகளையும் காற்றடைக்கும் பொறியையும் ஏற்றிய தோனியொன்று எப்பொழுதும் கன்று போலத் தொடர்ந்துவரும். சுழியோடுவது அதிலிருந்தே.

முதல்நாள் மாலையிற் படகினர் எங்களைக் கீழ்த்தட்டு அறைகளுக்குள் அனுப்பி, விளக்குகளை அணைத்து, இருளில் தடவித் தடவி மேற்தட்டுக்கு ஏறிவரும்படி செய்தனர். சிறுபிள்ளை விளையாட்டென்று சிரித்துக்கொண்டே ஏறினோம். மறுநாள் முதல் நீருள்ளும் அவ்வாறே. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வழிகாட்டி எம்மைத் திரும்பிப் பார்த்து, இரு விரலை உள்ளங்கையில் வைத்து, காற்று எவ்வளவு உண்டெனக் கேட்பார். ஆளுக்கு ஆள் அமுக்கமானியைப் பார்த்து விரலாற் கணக்குச் சொல்லவேண்டும். வகுப்பில் வரவு கூப்பிடுவதை ஒத்த இவ்வழக்கம் எனக்கே சலிப்பூட்டியது.

நான்காம் நாட் காலை, வாவு வளையத்தின் கீழ்க்கரையிலுள்ள ஒரு கால்வாயிற் சுறாக்களைக் காணப் போகவேண்டியிருந்தது. வளையத்தின் உள்ளிருக்கும் நீரும் வெளிச் சமுத்திரமும் கலக்கும் இக்கால்வாய்களை அவர்கள் "கண்டு" என்பர். நாங்கள் உடைமாட்டிக் காத்திருக்க, வழிகாட்டி தனியே குதித்து நீரோட்டத்தைப் பார்த்தார். ஏறிவந்து, இன்று இல்லை என்றார். பணம் கட்டியவர்களுக்குச் சினம் வராதிருக்குமா? திவேகி மொழி சிறிது அறிந்தவன் என்பதால் எல்லார்க்குமாக நானே வாதாடினேன், குரலையும் உயர்த்தினேன். அவரோ, "நீர் வெளியே ஓடுகிறது" என்பதை மட்டும் இருமுறை சொல்லிவிட்டுத் தேநீர் அருந்தப் போய்விட்டார். வெளியே ஓடும் நீர் சுழியோடுபவனை ஆழ்கடலை நோக்கித் தள்ளும். பாரின் விளிம்பிற் கீழேயும் இழுக்கும். இதை நான் புத்தகத்திற் படித்திருந்தும் அக்கணத்தில் நினைக்கவில்லை. மறுநாள் நீர் உள்ளே ஓடியது. நாங்கள் இறங்கிப் பாரைப் பற்றிக்கொண்டு, சாம்பல்நிறச் சுறாக்கள் நீரோட்டத்தை எதிர்த்து அசையாது நிற்பதைக் கண்டோம். 2010ஆம் ஆண்டில் அந்நாட்டிற் சுறாப் பிடித்தல் தடைசெய்யப்பட்டது. எனினும், முதல்நாட் பேச்சுக்காக வழிகாட்டியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

செங்கடலுக்கு என்னை அழைத்துச் சென்றவர் இலண்டனில் வாழும் என் தமையனார். ஐம்பத்தைந்து வயதில், இங்கிலாந்தின் குளிர்ந்த ஏரியொன்றில் இக்கலையைக் கற்றவர். செங்கடலில் வந்து விழும் பெரிய ஆறு ஒன்றும் இல்லை, மழையும் அரிது. ஆதலால் நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். உப்பும் மிகுதி, சமுத்திரங்களில் ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பென்றால் அங்கே ஏறக்குறைய 40. அதனால் உடல் எளிதில் மிதக்கும். இடையில் ஈயக்கட்டிகளைக் கூட்டிக் கட்டவேண்டும். மாலைதீவில் 28 பாகை வெப்பமான நீரில் மெல்லிய உடை போதியதாயிருந்தது. இங்கே தடித்த உடையிலும் குளிர் தைத்தது. முருகைக்கற் சோலையின் வண்ணத்திலோ செங்கடலே மேல். மாலைதீவில் 1998ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் கடல்நீர் அளவுக்குமீறிச் சூடேறியபோது ஆழங்குறைந்த பார்களிற் பெரும்பகுதி வெளிறி மாண்டது. அந்தச் சாம்பல்நிறத்தைக் கண்ட கண்ணுக்குச் செங்கடலின் சிவப்பும் மஞ்சளும் திருவிழாப்போலத் தோன்றின.

அக்கடலின் பெரும் காட்சி "திசில்கோர்ம்" என்னும் பிரித்தானியச் சரக்குக் கப்பல். வட ஆபிரிக்காவிற் போரிட்ட படைக்குத் தளபாடம் ஏற்றிச் சென்ற அது, 1941ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் நாள் ஜேர்மானிய விமானங்களின் குண்டுகளால் மூழ்கியது. ஒன்பது பேர் உயிர் நீத்தனர். 126 மீற்றர் நீளமான அக்கப்பல் இன்று 30 மீற்றர் ஆழத்து மணலிற் கிடக்கின்றது. அதன் சரக்கறைகளில் லொறிகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றின்மேல் மோட்டார் சைக்கிள்கள், ஒருபுறம் துவக்குகள், மறுபுறம் இறப்பர்ச் சப்பாத்துக்கள். யாரும் அணியாத அச்சப்பாத்துக்களுக்கிடையே சிறுமீன்கள் குடியிருக்கின்றன.

எங்கள் படகின் வழிகாட்டி அன்று அவசரத்திலிருந்தார். வேறு பல படகுகளும் அங்கே கட்டப்பட்டிருந்தன. ஐந்து நிமிடத்தில் விளக்கம் முடிந்தது. கீழே இறங்கியதும் அவர் திரும்பிப் பாராமலே முன்னே நீந்தினார். நீரோட்டம் கடுமையாயிருந்தது. இரண்டாம் சரக்கறையில் தமையனார் ஒவ்வொரு வாகனத்தையும் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய குமிழிகள் வழமைக்கு மாறாக அடர்ந்து எழுவதைக் கண்டேன். என்னை அறியாமலே என் இரு விரல்கள் உள்ளங்கையிற் சென்று பதிந்தன: காற்று எவ்வளவு? அவர் அமுக்கமானியை எடுத்துப் பார்த்தார். 200இல் தொடங்கிய முள் 60இல் நின்றது. படகுக்குத் திரும்பும்பொழுதே 50 மீதியாயிருக்க வேண்டும் என்பது விதி. முன்னே சென்ற வழிகாட்டியின் விளக்கு கண்ணுக்குத் தெரியவில்லை.

நான் அவர் கையைப் பற்றிக்கொண்டு வெளியே வந்து, படகின் கயிற்றை நாடினேன். மெல்லவே ஏறினோம், விரையக்கூடாதே! 5 மீற்றரில் தரித்தபோது அவருடைய முள் 10ஐத் தொட்டது. என் கருவியின் இரண்டாவது வாய்க்குழலை அவருக்குக் கொடுத்தேன். ஒரே குடுவையிலிருந்து இருவரும் மூன்று நிமிடம் சுவாசித்தோம். சிறுவயதிற் குளத்தில் எனக்கு நீந்தப் பழக்கியவர் அவர். அம்மூன்று நிமிடமும் அவர் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

மேலே வந்து நெடுநேரம் பேசாதிருந்தவர், பின்பு, "தம்பி, உனக்கு உதை ஆர் படிப்பிச்சது?" என்றார். மாலைதீவிலே என்னிடம் ஏச்சு வாங்கிய மனிதர் என்றேன்.

அன்றிரவே எங்கள் அறை இருந்த கீழ்த்தட்டின் அவசர வழியைத் தேடிப் பார்த்தேன். அதன் மூடியை மறைத்துப் பயணப்பைகள் அடுக்கப்பட்டிருந்தன. சொல்லி அப்புறப்படுத்துவித்தேன். இது வீண் அச்சமன்று. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இதே கடலில் இத்தகைய படகொன்று தீப்பற்றியதில் மூன்று பயணிகள் மாண்டனர். 2024ஆம் ஆண்டு நவம்பரில் நாற்பதுக்கு மேற்பட்டோருடன் சென்ற மற்றொன்று கவிழ்ந்து மூழ்கிற்று; அதிலும் உயிர்கள் போயின. செங்கடற் படகுகள் யாவும் குறையுள்ளவை என்றோ, மாலைதீவுப் படகுகள் யாவும் சிறந்தவை என்றோ நான் கூறவில்லை. நான் கண்டவை இரண்டு படகுகளே. ஆனால் ஒரு பயணத்தை மற்றொன்றோடு ஒப்பிடும்போது மீனையும் வண்ணத்தையும் மட்டும் நிறுத்துப் பார்ப்பது போதாது என்பதைக் கண்டுகொண்டேன்.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்த நம்மவர்க்குக் குடுவையும் இல்லை, அமுக்கமானியும் இல்லை. கல்லிற் காலூன்றி, மூச்சடக்கி இறங்கினர். அவர்களைக் கடலுக்குமேல் பிணைத்திருந்தது ஒரு கயிறு. அதன் மறுநுனியிற் கண்ணிமையாது ஒருவன் இருந்தான். இன்று சுழியோடுபவர்க்கு அக்கயிறு இல்லை. "காற்று எவ்வளவு?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்கும் ஒருவரே அந்தக் கயிறு. மாணவர் கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான்: அழகிற் செங்கடல் சிறந்தது, ஆனால் என் பிள்ளையை அனுப்புவதானால் அந்த மாலைதீவு மனிதரின் படகுக்கே அனுப்புவேன்.

சென்ற மாதம் தமையனார் அடுத்த பயணத்துக்குப் படகொன்றைத் தேர்ந்து எனக்கு எழுதினார். மீன்களைப் பற்றியோ கட்டணத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. கீழ்த்தட்டிலிருந்து வெளியேற எத்தனை வழி உண்டு, அவை எங்கே திறக்கும் என்பவற்றைப் படகுக்காரரிடம் கேட்டறிந்து, படம் வரைந்து அனுப்பியிருந்தார்.