கெடிலம் ஆறும் கடலூரும்

கெடிலம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தோன்றிக் கிழக்கே ஓடிக் கடலூரில் வங்கக்கடலில் சேர்கிறது. நீளம் சுமார் 110 கி.மீ. வானம் பார்த்த ஆறு இது. கோடையில் மணலும் கருவேலமுமே தெரியும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கரை கொள்ளாது. பெண்ணையாற்றில் பிரியும் மலட்டாறு வழியாகவும் வெள்ளம் வருவதால், எங்கோ பெய்த மழைக்கும் கெடிலக்கரை ஊர்கள் தவிக்க நேர்கிறது.

சுந்தரர் பிறந்த திருநாவலூரைக் கடந்து பலாவுக்கும் முந்திரிக்கும் பேர்போன பண்ருட்டியை அடைகிறது ஆறு. ஊரை ஒட்டியே திருவதிகை வீரட்டானம். சமணம் சார்ந்திருந்த அப்பர் சூலைநோய் தீர்ந்து சைவத்துக்குத் திரும்பியது இங்கே. பல்லவ மன்னன் கல்லில் கட்டிக் கடலில் எறிந்தபோது அவர் கரையேறியதாகச் சொல்லப்படும் திருப்பாதிரிப்புலியூரும் கெடிலக்கரைதான். அவர் கதையின் முக்கியத் திருப்பங்கள் இந்தச் சிற்றாற்றின் கடைசி முப்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன.

இடையில் திருவந்திபுரம். தேவநாதப் பெருமாள் கோயிலை ஒட்டி ஆறு வடக்கே திரும்புகிறது. வேதாந்த தேசிகர் பல்லாண்டு வாழ்ந்த தலம் இது. தெற்கே எழும் கேப்பர் மலை செம்மண்ணும் மணற்கல்லும் கலந்த மேடு. புவியியலார் இவ்வகைப் பாறைக்குக் கடலூரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மேட்டின்மேல் உள்ள சிறையில்தான் 1918இல் பாரதியார் அடைக்கப்பட்டிருந்தார்.

கடலூரில் ஆறே எல்லைக்கோடு. வடகரையில் ஆட்சியர் அலுவலகம் இருந்துவந்த மஞ்சக்குப்பம், தென்கரையில் கடைவீதிகள் நிறைந்த திருப்பாதிரிப்புலியூர், இன்னும் தெற்கே ‘ஓ.டி.’ (ஓல்டு டவுன்) என்று எல்லோரும் சொல்லும் முதுநகர்.

முகத்துவாரத்தருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690இல் மராத்தியரிடம் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினர். பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை நிலம் அவர்களுக்கு என்பது பேச்சு. அளவுகோலே பீரங்கியாக இருந்தால் வாங்குபவர் சின்னதாகவா சுடுவார்! குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரும் கடலூரின் குண்டு சாலையும் அந்தப் பேரத்தின் மிச்சம். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதும் ஆங்கிலேயரின் சோழமண்டலக் கரைத் தலைமையிடமாக இருந்தது இந்த டேவிட் கோட்டையே. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்துத் தகர்த்தார்.

கடற்கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வரும் உப்பனாறும் கெடிலமும் கூடுமிடத்தில் துறைமுகம் அமைந்தது. மணல் தூர்ந்து முகத்துவாரம் ஆழமிழப்பதால் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடிந்ததில்லை. வெளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்குகள் படகில்தான் கரைக்கு வந்தன. இன்று அந்தக் கழிமுகத்தை மீன்பிடி விசைப்படகுகளே அதிகம் பயன்படுத்துகின்றன.